பொம்மைக்கும் கெட்டி ரத்தம்

எங்கள் ஊரில் அந்த மாதம் யாரைப் பார்த்தாலும் காலைத்தான் காட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் காட்டினார்கள். வங்கி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டினார்கள். பல் வைத்தியரிடம் போன ஒருவர், வாயைத் திறக்கச் சொன்னதற்குக் காலை நீட்டினார் என்று கேள்வி. "பாருங்க, எப்படி வெளுத்திருக்கு! ரத்தம் இளகிடுச்சு" என்பார்கள். குனிந்து பார்த்தால் எல்லாக் கால்களையும் போல அதுவும் ஒரு கால். கொஞ்சம் கழுவியிருப்பார்கள், அவ்வளவுதான்.

காரணம், செம்பாசியார்.

வெகு நாளாக மூடிக் கிடந்த நாற்காலிக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, விற்காமல் நின்றுபோன நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, மங்கலான சிவப்பு விளக்கையும் எரியவிட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர். வாசலில் பெரிய பலகை: "கெட்டி ரத்தமா? கெட்ட ரத்தம்! கடல் தந்த செம்பாசி இருக்கக் கவலை ஏன்?"

இந்தக் 'கெட்டி'க்கும் 'கெட்ட'வுக்கும் நடுவில் இருப்பது எழுத்தின் தலையில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில்தான் ஊரே மாட்டிக்கொண்டது. ரத்தம் கெட்டி என்றால் ரத்தம் கெட்டுவிட்டது. ரத்தம் கெட்டால் குணம் கெட்டது, தூக்கம் கெட்டது, பிள்ளையின் படிப்பு கெட்டது. எது கெட்டாலும் மருந்து ஒன்றுதான். கெட்டிக்காரன் என்றும் ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே ஒரே ஒரு ஆள்தான் கெட்டி என்பது புரிந்திருக்கும்.

வைத்தியம் இப்படி. தொட்டியில் குளிர்ந்த நீர். "கடலாழத்துத் தண்ணி" என்பார்கள். குழாய் கடை வரைக்கும் வருவதை நாம் பார்க்கக் கூடாது. நீங்கள் அதில் காலை வைத்துக் கண்ணை மூட வேண்டும். ஒரு பணிப்பெண் ஆவி பறக்கும் கெண்டியோடு வந்து, செம்பாசிக் கஷாயத்தைத் தொட்டியின் ஓரமாக ஊற்றுவாள். சிவப்பான கஷாயம். கொஞ்ச நேரத்தில் "கண்ணைத் திறங்க" என்பாள். திறந்தால், ஐயோ! உங்கள் கால்களைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். வழுவழுவென்று, நடுங்கிக்கொண்டு.

"இதெல்லாம் உங்க உடம்புல ஓடின கெட்டி ரத்தம்."

மயக்கம் போட்டவர்கள் உண்டு. "என் ரத்தம் எவ்வளவு அதிகம் பாரு" என்று பக்கத்து நாற்காலிக்காரரோடு போட்டி போட்டவர்களும் உண்டு. ஊற்றியதும் சிவப்பு, வந்ததும் சிவப்பு, எது எதிலிருந்து வந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் கால் இருந்த அளவுக்கு வாய் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அதே தெருவில் ஒரு துணிக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாற்றுவது என் வேலை. ஆள் உயர ஆண் பொம்மை ஒன்று உண்டு. நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'முதலாளி'. நல்ல சட்டை போடும், நின்ற இடத்தை விட்டு அசையாது, சம்பளத்தைப் பற்றிப் பேசினால் பதில் சொல்லாது. பெயர்க் காரணம் உண்மை முதலாளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்று சன்னலில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

ஊர் காலைக் கழுவிக்கொண்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன். ஒரு நாள் அக்காவும் காலைக் காட்டினாள்.

என் அக்காவின் இதயத்தில் ஒரு உலோக வால்வு இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று சத்தம் வரும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க அவள் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுக்க. ரத்தத்தைச் சோதிக்க அடிக்கடி ஊசி. லேசாக மேசையில் இடித்துக்கொண்டாலும் கை நீலமாகிவிடும். கீரை சாப்பிடுவதற்குக்கூடக் கணக்கு உண்டு. வருஷக்கணக்கில் இப்படி வாழ்கிறவளிடம் செம்பாசியார் சொன்னது ஒரே வார்த்தை: "உனக்கு ஒண்ணுமில்லம்மா. ரத்தம்தான் கொஞ்சம் கெட்டி."

அவளுடைய டாக்டரும் அதைத்தானே சொன்னார், ரத்தம் கெட்டியாகக் கூடாது என்று! அக்கா அப்படியே விழுந்துவிட்டாள்.

"டேய் தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு விடுதலை."

"என்னக்கா விடுதலை?"

"மாத்திரையை ஜாடில போட்டுடுவேன். அப்புறம் செம்பாசித் தைலம் மட்டும் குடிச்சாப் போதும்னுட்டார்."

செம்பாசியாரின் மேடையில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று உண்டு. அதன் பெயர் விடுதலை ஜாடி. வைத்தியம் முடிந்தவர்கள் தங்கள் மாத்திரை அட்டைகளை அதில் போடுவார்கள், கூட்டம் கைதட்டும். சர்க்கரை மாத்திரை, அழுத்த மாத்திரை, இதய மாத்திரை என்று ஜாடி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பார்க்கப் பல நிறங்களில் அழகாக இருக்கும், அதற்குள் எத்தனை பேருடைய உயிர் இருக்கிறது என்று தெரியாதவரை.

அக்காவின் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "செம்பாசில ரத்தத்தை இளக்குற சரக்கு இருக்காமே, அது பொய்தானே டாக்டர்?" என்று, ஆமாம் என்ற பதிலுக்கு ஏங்கிக் கேட்டேன்.

"பொய்யில்லை" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சில சிவப்புக் கடல்பாசிலேர்ந்து எடுக்குற பொருள்களை, ஆய்வுக்கூடத்துல கண்ணாடிக் குழாய்ல ரத்தத்தோட கலந்தா ரத்தம் உறையறது தாமதமாகுது. நிஜம்தான். ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா உங்க அக்கா கண்ணாடிக் குழாய் இல்லையே! குடிச்சா அது வயித்தைத் தாண்டி ரத்தத்துக்குப் போகுதா, எவ்வளவு போகுது, எவ்வளவு போனா ஆபத்து, ஒண்ணும் முடிவாகலை. அந்தத் தைலம் வேலை செய்யலேன்னா, மாத்திரையை நிறுத்துனதும் வால்வுல ரத்தம் கட்டும். வேலை செஞ்சா, மாத்திரையோட சேர்ந்து எங்கயாவது ரத்தம் கசியும். எப்படிப் பார்த்தாலும் உங்க அக்காவுக்குத்தான் நஷ்டம். உடனே கூட்டிட்டு வாங்க."

கூட்டிப்போகலாம், அவள் வந்தால்தானே! போன் போட்டுச் சொன்னேன். "அந்தம்மாவுக்குத் தொழில் போட்டிடா" என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அத்தான் வருகிறார். அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் தீனிப் பிரியர். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் ஃபிரிட்ஜைத் திறப்பவர். அன்று மாலை நானும் என் வீட்டுக்காரியும் அக்கா வீட்டில் உட்கார்ந்து அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து அத்தான் ஒரு சின்ன டப்பாவும் கரண்டியுமாக வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஜெல்லி யாரு செஞ்சது? இனிப்பே பத்தலையே."

அக்கா வெடுக்கென்று எழுந்தாள். "எந்த டப்பா அது?"

"இதோ, இந்த வெள்ளை மூடி."

"ஐயையோ! அது என் ரத்தம்!"

விஷயம் இதுதான். செம்பாசியார் அவரவர் கட்டியில் கொஞ்சத்தை டப்பாவில் போட்டு, 'வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்க' என்று கொடுத்தனுப்புவார். செலவில்லாத விளம்பரம். தம்பி வந்து பார்க்கட்டும் என்று அக்கா அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள்.

அத்தான் குளியலறைக்கு ஓடினார். கொப்பளிக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது. "கட்டின பொண்டாட்டி ரத்தத்தைக் குடிச்சவன்னு ஊரு பேசுமே" என்று நடுவில் ஒரு புலம்பலும் கேட்டது. "இத்தனை வருஷமா உங்கம்மா என்னைச் சொன்னாங்க, நான்தான் உங்க ரத்தத்தைக் குடிக்கிறேன்னு" என்றாள் அக்கா, அந்த நிலைமையிலும்.

கொப்பளிப்பு சட்டென்று நின்றது. அத்தான் முகத்தில் நீர் சொட்ட வெளியே வந்தார்.

"மச்சான், ஒரு சந்தேகம். லிஃப்ட்ல கை மாட்டி எத்தனை தடவை என் ரத்தத்தை நானே வாயில வெச்சிருக்கேன். உப்புக் கரிக்கும், இரும்பு வாடை அடிக்கும். இது அப்படி இல்லடா. இது ஜெல்லி."

"உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஜெல்லிதான்" என்று அக்கா முறைத்தாள்.

என் வீட்டுக்காரி டப்பாவின் அடியில் மிச்சம் இருந்ததை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறந்தநாள் விருந்துகளுக்கு கேக்கும் ஜெல்லியும் செய்து கொடுப்பவள் அவள். "என்னங்க, இது கடல்பாசி ஜெல்லிங்க" என்றாள் என் காதோடு. "கொதிக்கக் கொதிக்க இருக்குறப்போ தண்ணி மாதிரி ஓடும். பச்சைத் தண்ணில ஊத்துனா உடனே கட்டிக்கும்."

"கடல்பாசியா? அப்ப செம்பாசின்னு அவர் சொன்னது…"

"அந்த ஒரு வார்த்தை உண்மைதான். இந்தக் கடல்பாசியும் ஒரு வகைச் செம்பாசிதான். ஒரு பாசி ரத்தத்தை இளக்கும்னு சொல்லி, இன்னொரு பாசியைக் கட்டியாக்கிக் காட்டுறாரு."

அக்காவிடம் சொன்னோம். "உங்களுக்கெல்லாம் நான் குணமாகுறது பிடிக்கலை" என்று அழுதாள். கடைத் தெருவுக்கு வந்ததும் வீட்டுக்காரி நின்றாள்.

"பேசி ஆகாது. ரத்தமே இல்லாத ஒரு ஆளைக் கூட்டிப்போய்த் தொட்டில காலை வைக்கச் சொல்லணும். அப்பவும் கட்டி வந்தா?"

"ரத்தமே இல்லாத ஆளுக்கு எங்கடி போவேன்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். எதிரே எங்கள் கடைச் சன்னல். உள்ளே, கோடு போட்ட புதுச் சட்டையில், முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி சக்கர நாற்காலியில் கிளம்பினார். தலையில் குல்லாய், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்து முகமெல்லாம் மப்ளர், மேலே ஒரு சால்வை. இடுப்பை மடக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அத்தான்தான் தள்ளினார். "உங்க கடை முதலாளியை நான் தள்ளுறேன், நீ வந்து என் முதலாளியைத் தள்ளுடா ஒரு நாள்" என்று வழியெல்லாம் முனகினார்.

"பெரியவருக்கு என்ன?" என்று கேட்டாள் பணிப்பெண்.

"எங்க பெரியப்பாங்க. பேச்சில்ல. அசைவில்ல" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"செஞ்சதுலேர்ந்தே…" என்று அத்தான் ஆரம்பிக்க, நான் அவர் காலை மிதித்தேன். "வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவர்மா, அதுலேர்ந்து" என்று முடித்தார்.

முதலாளியின் கால்கள் தொட்டிக்குள் போயின. பிளாஸ்டிக் கால், விரல்கள் ஒட்டியே இருக்கும். அந்தச் சிவப்பு மங்கலில் யாருக்குத் தெரியும்? அவர் ஏமாற்ற வைத்த இருட்டு எங்களுக்கும் வாடகையில்லாமல் கிடைத்தது. கெண்டி வந்தது. கஷாயம் விழுந்தது. முதலாளி கண்ணை மூடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

மேடையில் அக்கா முதல் ஆளாக நின்றிருந்தாள், கையில் மாத்திரை அட்டையோடு. ஜாடியின் வாய்க்கு நேராக அவள் கை. என் இதயம் டிக் டிக் என்றது, வால்வு இல்லாமலேயே.

வெள்ளை உடையில் செம்பாசியார் வந்தார். யாரையும் தொட மாட்டார், தொட்டால் சக்தி குறையுமாம். நீளமான கண்ணாடிக் குச்சியால் தொட்டியைக் கிளறிப் பார்த்தே பலன் சொல்வார். எங்கள் தொட்டியில் கட்டி கட்டியாக மிதந்தது. குனிந்தார். குச்சியை விட்டார். பெருமூச்சு விட்டார்.

"அடடா! ஜாடில போடுறதுக்கு முன்னால எல்லாரும் இவரைப் பாருங்க. என் அனுபவத்துல இவ்வளவு கெட்டி ரத்தம் பார்த்ததே கிடையாது. பயங்கரக் கோபக்காரர். வீட்டுல யாரையும் பேச விடமாட்டார்."

"ஆமாங்கய்யா, வாயே ஓயாது" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாருக்கும் தெரியாம இனிப்புச் சாப்பிடுறார். மருமகளோட ஒத்துப்போகாது. இதயத்துல பெரிய அடைப்பு."

"எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார் அத்தான், பணிவாக.

"இடது பக்கம்."

"அங்க நிக்க வைக்கிற ஸ்டாண்டுக் கம்பி மட்டும்தானேங்க போகுது?"

செம்பாசியார் நிமிர்ந்தார். நான் மப்ளரைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டேன் போல. முதலாளியின் தலை முழுசாகச் சுற்றி முதுகுப் பக்கம் பார்த்தது. குல்லாய் விழுந்தது. மொட்டைப் பிளாஸ்டிக் மண்டை பளபளத்தது.

'வீல்' என்று ஒரே அலறல். இப்போது ஊர் விழித்துக்கொள்ளும், நம்மைத் தோளில் தூக்கும் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

பின் வரிசையில் ஒரு அம்மாள் கைகூப்பினாள். "ஆத்தாடி! பொம்மைக்கே ரத்தம் வர வெச்சிட்டாரே! என்ன சக்தி!"

கூட்டம் கைதட்டியது.

எனக்குத் தலை சுற்றியது, முதலாளி அளவுக்கு இல்லாவிட்டாலும். செம்பாசியார் சுதாரித்துக்கொண்டார். கைகளை விரித்தார். "பார்த்தீங்களா? சோதிக்க வந்தாங்க. செம்பாசி ஜடப் பொருளுக்கும் இரங்கும்!"

என் வீட்டுக்காரி அலட்டிக்கொள்ளவில்லை. பணிப்பெண்ணிடம் போய், "கொஞ்சம் குடுங்கக்கா" என்று கெண்டியை வாங்கினாள், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பது போல. காலியான ஒரு நாற்காலியின் முன்னால் இருந்த தொட்டி. அதில் பச்சைத் தண்ணீர். காலும் இல்லை, பொம்மையும் இல்லை. ஊற்றினாள்.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க."

கண் முன்னாலேயே தண்ணீர் திரண்டது. சிவப்புச் சிவப்பாக, வழுவழுவென்று.

"இது யாரு ரத்தம்? தொட்டியோடதா? தொட்டிக்கும் மருமகளோட சண்டையா?"

முதலில் சிரித்தது ஒரு சின்னச் சிரிப்புதான். "என் பாட்டில்ல ஊத்தும்மா பார்ப்போம்" என்று ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாட்டிலுக்கும் கெட்டி ரத்தம்! "எனக்கு, எனக்கு" என்று கெண்டி கை மாறியது. டம்ளரில் ஊற்றினார்கள், டிபன் டப்பா மூடியில் ஊற்றினார்கள். கைகூப்பிய அம்மாள் தன் பூந்தொட்டிக்கு என்று வாங்கி வந்த வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்து, "அடப் பாவி" என்றாள். அத்தான் தொட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டு, ஊரறிய மென்று விழுங்கினார்.

"இப்பவும் இனிப்பு பத்தலை."

அதிசயம் பார்க்கிற சுகத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, சோதித்துப் பார்க்கிற சுகம். யாரும் ஒரு தடவை ருசி காட்டாததுதான் குறை.

செம்பாசியார் பின்வாசல் வழியாகப் பாய்ந்தார். அவசரத்தில் செருப்பு போடவில்லை. பழக்கதோஷம், எல்லாரும் காலைத்தான் பார்த்தோம். கறுத்து, வெடித்து, சேறு அப்பிய பாதம். ஊர்க் காலையெல்லாம் கழுவியவர் தன் காலை ஒரு நாளும் தொட்டியில் வைக்கவில்லை. முனை திரும்புவதற்குள் பிடித்துவிட்டார்கள். கூட்டத்தின் மறுபாதி ஜாடியை மொய்த்தது. "என் அட்டை பச்சை!" "என்னோடது ரோஸ்!" என்று அள்ளினார்கள். "எடுக்காதீங்க, கலந்துபோச்சு, பேரு படிச்சுப் பாருங்க, டாக்டரைக் கேட்டுப் போடுங்க!" என்று என் வீட்டுக்காரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அக்காவின் அட்டை அவள் கையிலேயே இருந்தது. ஒரு மாத்திரையைப் பிரித்து, அத்தான் நீட்டிய தண்ணீரை வாங்கினாள். "தொட்டித் தண்ணி இல்லையே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விழுங்கினாள். நாளைக்குக் காலை டாக்டரம்மாவிடம் போகலாம் என்று அவளே சொன்னாள்.

திரும்பி வரும்போது முதலாளியை நான் தள்ளினேன். அக்கா பக்கத்தில் நடந்தாள்.

"உள்ள கொண்டுவந்தப்பவே எனக்குத் தெரியும்டா, உங்க கடைப் பொம்மைன்னு."

"எப்படி?"

"சால்வை விலகி சட்டை தெரிஞ்சுது. போன வாரம் சன்னல்ல பார்த்து, இவருக்கு நல்லா இருக்குமேன்னு விலை கேக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப ஏன்க்கா சத்தம் போட்டு எங்களைக் காட்டிக் கொடுக்கல?"

"அவர் என்ன சொல்றார்னு பார்க்கணும்போல இருந்துச்சு. பொம்மையைப் பார்த்து அடைப்புன்னார் பாரு, அப்பவே கையைக் கீழ இறக்கிட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "தினம் காலைல ஒரு மாத்திரை முகத்துல முழிச்சு அலுத்துப்போச்சுடா. யாராவது ஒரு ஆள், உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. சொன்னான். எழுந்து போய் உக்காந்துட்டேன்."

இந்த ஏமாற்று வேலையெல்லாம் நடப்பது முட்டாள்தனத்தின் மேல் மட்டுமில்லை, களைப்பின் மேலும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் விற்றது ஜெல்லியையா? அந்த ஒரு வார்த்தையை. நாங்கள் யாராவது வாரத்துக்கு ஒரு முறை "எப்படிக்கா இருக்கே" என்று கேட்டிருந்தால், அவனுக்கு எங்கள் வீட்டில் ஒரு கால் குறைந்திருக்கும்.

"உனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"வால்வு இருக்குடா மடையா" என்றாள். சிரித்தாள்.

முதலாளி மறுபடியும் சன்னலில் நிற்கிறார். ஒரு நாள் பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்து, "இதானே தம்பி அந்த ரத்தம் வந்த பொம்மை? காலைத் தொட்டுக்கலாமா?" என்று கேட்டார். நான் முதலாளியின் தலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையேப்பா?"

"அது பொம்மைங்க. அதுக்கு மன்னிப்பு உண்டு" என்றேன்.